புகை அடங்கிய பிறகு
(தீத்தொண்டு வாரத்தையொட்டி நமது அறக்கட்டளை நடத்திய மருத்துவ முகாமில் நிகழ்த்திய உரை)



1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் துறைமுகத்தில் கப்பல் ஒன்று வெடித்தது. அங்கே தீயணைக்கப் போய் மாண்ட வீரர்களின் நினைவாகவே இந்த வாரம் அனுசரிக்கப்படுகிறது. தீயில் இறந்தவரை நினைக்கிறோம். தீயை அணைத்துவிட்டு நலமாக வீடு திரும்பி, இருபது முப்பது ஆண்டு கழித்துப் புற்றுநோயில் விழுபவரை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. இன்று அவருக்காகவே பேச வந்திருக்கிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்புப் பணியே புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று 2022-இல் உறுதியாக அறிவித்தது. 2007-இல் 'இருக்கலாம்' என்று மட்டுமே சொல்லியிருந்தார்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும், நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் மீசோதீலியோமாவுக்கும் போதிய சான்று கிடைத்திருக்கிறது. பணியில் உள்ள எல்லாருக்கும் வரும் என்று இதற்குப் பொருளில்லை. பயமுறுத்த நாங்கள் வரவில்லை.

நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 அன்று 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அந்த இடிபாட்டுத் தூசியால் பின்னாளில் நோயுற்று இறந்தவர்களின் எண்ணிக்கையும் 2023-இல் 343-ஐத் தொட்டது.

நச்சு மூக்கு வழியாக மட்டும் போவதில்லை. பிளாஸ்டிக், மெத்தை நுரை, பெயின்ட் எரிந்த கரி வியர்த்த தோலில், குறிப்பாகக் கழுத்தில் படிந்து உள்ளே இறங்குகிறது. தீ அணைந்ததும் சுவாசக் கருவியைக் கழற்றிவிட்டு இடிபாட்டைக் கிளறுவது வழக்கம். புகை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நச்சு அங்கேதான் இருக்கும். வேலை முடியும்வரை கழற்ற வேண்டாம். அங்கேயே முகம், கழுத்து, கைகளை ஈரத்துணியால் துடையுங்கள்; நிலையத்துக்கு வந்ததும் குளியுங்கள். கரி படிந்த சீருடையைப் பெருமையாக நினைப்பவர்கள் உண்டு. சகோதரிகளே, அந்தத் துணி வீட்டுக்கு வந்தால் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

கனடாவின் மனிடோபா மாகாணத்தில் 2002-இல் ஒரு சட்டம் வந்தது. குறிப்பிட்ட ஆண்டுகள் பணி செய்த தீயணைப்பு வீரருக்குக் குறிப்பிட்ட வகைப் புற்றுநோய் வந்தால், அது வேலையால் வந்ததாகவே கொள்ளப்படும். குடும்பம் அதை நிரூபிக்க அலைய வேண்டியதில்லை. நம்மிடம் உதவி கேட்டு வரும் குடும்பங்களிடம் மருத்துவமனையில் "பீடி குடிப்பாரா?" என்று கேட்டிருக்கிறார்கள், என்ன வேலை செய்தார் என்று கேட்டதில்லை. அதனால் நீங்களே சொல்லுங்கள். எந்த ஆண்டு, எந்த நிலையம், எந்தப் பெரிய தீ என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

சிறுநீரில் ஒருமுறை இரத்தம் வந்தாலும், வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். பரிசோதனைக்குப் பெயர் கொடுக்கும் மேசை வாசலருகே இருக்கிறது. ஓய்வுபெற்றவர்களும் வாருங்கள்.