வாயில்லா ஜீவனும் ஊசி வைத்தியமும்

அப்போதுதான் பிறந்த நாய்க்குட்டியொன்று மூச்சின்றிக் கிடக்கிறது. பிராணி வைத்தியர் அதன் வாயிலும் மூக்கிலுமுள்ள சளியை அகற்றித் துணியால் உடலைத் தேய்க்கிறார். பின்னர் மூக்கின் கீழே, மேலுதட்டுப் பள்ளத்தில் மெல்லிய ஊசியைச் செருகிச் சுழற்றுகிறார். அவ்விடத்துக்குச் சீன மொழியில் ‘ரென்ஜோங்’ என்று பெயர்; மனிதனின் நடு என்பது பொருள். மனிதனுக்கு இட்ட பெயரை நாய்க்கும் வழங்குவது, மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு வேடிக்கையாகத் தோன்றுகிறது. குட்டி மூச்செடுத்தால் பெயரைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

சீனத்தில் இம்முறை பழமையானது. 1608-இல் யூ சகோதரர் இருவர் இயற்றிய குதிரை வைத்திய நூலிலேயே ஊசி குத்தும் இடங்கள் கூறப்பட்டுள்ளன.

குத்தும் இடம் ஒன்றாயினும் அதைத் தூண்டும் வழிகள் பல. சாதுவான நாய்க்கு ஊசிகளைக் குத்திச் சிறிது நேரம் அப்படியே விட்டு வைக்கலாம். சில நாய்கள் உறங்கியும் விடுகின்றன. ஓரிடத்தில் நில்லாத பிராணிக்கு இது ஆகாது. அதற்கு உப்பு நீரையோ வைட்டமின் பி 12 மருந்தையோ அவ்விடத்தில் செலுத்திவிட்டு ஊசியை உடனே எடுத்துவிடுகிறார்கள். உள்ளே தங்கிய திரவம் சற்று நேரம் அவ்விடத்தை அழுத்திக்கொண்டிருக்கும். முதுகெலும்புத் தட்டு பிதுங்கிப் பின்னங்கால் தளர்ந்த நாய்க்கு ஊசிகளைக் கம்பியால் இணைத்து மெல்லிய மின்சாரம் பாய்ச்சுவதுண்டு. லேசர் ஒளியும் இன்று பயன்படுகிறது.

வடக்கத்திக் குளிரில் படியேற முடியாமல் திணறும் கிழநாய்க்கு, மாசிபத்திரி இனத்து மூலிகையைச் சுருட்டிக் கொளுத்தித் தோலுக்குச் சற்று எட்டப் பிடித்து வெப்பமூட்டுவார்கள். நம் கிராமங்களில் மாட்டுக்குப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போடுவதை இதனோடு ஒப்பிடலாகாது. அது தோலைப் பொசுக்குவது; இதில் வெதுவெதுப்புக்கு மேல் கூடாது.

இவற்றால் நோய் தீருமா? அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2006-ஆம் ஆண்டுக் கட்டுரையொன்று, எந்த நோய்க்கும் இதைப் பரிந்துரைக்கவோ தள்ளிவிடவோ போதிய சான்று இல்லை என்றே முடிவு கூறிற்று. ஆகவே நோய் இன்னதென்று கண்டறிவதே முதல் வேலை. பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளியும் வலி உணராத நாய்க்கு அறுவைச் சிகிச்சை வேண்டுமா என்பதை அன்றே தீர்மானித்தாக வேண்டும். ஊசியை நம்பி ஒரு வாரத்தைக் கழித்தால் அந்தக் கால்கள் மீளாமலே போகலாம்.

சிகிச்சை முடிந்ததும் ஊசிகளை எண்ணச் சொல்லிக் கேளுங்கள். உரோமத்துக்குள் ஒன்று மறைந்திருந்தால், வீட்டுக்கு வந்தபின் நாய் அதைக் கடித்து விழுங்கிவிடக்கூடும்.