ஏரியில் கலக்கும் முன்னே



கண்டாச்சிபுரத்திலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் வீட்டுக்கு வீடு குழாய் வந்திருக்கிறது. மகிழ்ச்சி. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியே வரும் என்பது பொறியாளர்கள் கணக்கு. ஆயிரம் பேர் வாழும் ஊரில் தினமும் 44,000 லிட்டர்! தண்ணீர் வரக் குழாய் போட்டோம். போகும் தண்ணீருக்கு என்ன செய்தோம்? தெருக் கால்வாயில் விட்டோம். கால்வாய் பள்ளம் பார்த்து ஓடும். நம் ஊர்களில் பள்ளம் என்றால் ஏரிதானே?

கழிவறைக் குழி அதைவிடக் கவலை. செப்டிக் டேங்க் என்கிறோம். பல வீடுகளில் அது அடி பூசாமல் உறை இறக்கிய குழி. பத்து வருஷமாக நிறையவே இல்லை என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நிறையாத குழி கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் இறங்கிக்கொண்டிருக்கிறது, ஐயா! குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தர அளவு. தாண்டிய தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கலாம். தாய்மார்கள் கவனிக்க வேண்டும்: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது.

வெள்ளம் வந்தால் குழியும் கிணறும் ஒன்றாகிவிடும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலையொட்டி சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி திறந்தார்களே, தென்பெண்ணைக் கரை ஊர்களில் குழி எது, கிணறு எது என்று வெள்ளம் பார்த்ததா?

வழி இருக்கிறது. நம் மாவட்டத்திலேயே, வானூர் பக்கம், 1968-இல் தொடங்கிய ஆரோவில் போய்ப் பாருங்கள். ஊருக்கெல்லாம் ஒரே பாதாளச் சாக்கடை என்று காத்திராமல், குடியிருப்புகளுக்கு அருகிலேயே சிறு சிறு சுத்திகரிப்பு அமைப்புகளைக் கட்டியிருக்கிறார்கள். முதல் தொட்டியில் கசடு படியும். அடுத்தது தடுப்புச் சுவர் வைத்த தொட்டி. நீர் ஏறி இறங்கிப் போகையில், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். பிறகு கல்வாழை, நாணல் போன்றவை நட்ட ஜல்லிப் படுகை. கடைசியில் வெயில் படும் குளம். நிலம் சரிவாக வாய்த்தால் மோட்டார்கூட வேண்டாம். வெளியே வரும் நீர் மரஞ்செடிகளுக்குப் பாயும், குடிப்பதற்கு ஆகாது.

கட்டித் திறப்பு விழா நடத்தினால் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுக்காவிட்டால் ஜல்லி அடைத்து எல்லாம் நாறிவிடும். எடுத்த கசடை லாரிக்காரர் இருட்டில் ஓடையில் கொட்டினால் பட்ட பாடு அத்தனையும் வீண். அதைத் தடுக்கவே தமிழக அரசு 2014-இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. திண்டிவனத்தைத் தாண்டிச் சென்னை போகும் வழியில், மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில், பேரூராட்சி அளவிலேயே கசடு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் தொட்டிக்குள் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எந்த வீட்டிலும் அது நடக்கவே கூடாது.

மார்ச் 22, உலக தண்ணீர் தினம். அன்று கிராம சபை கூடும். ஏரிக்குள் கழிவுநீர் இறங்கும் இடங்களை அந்த நாளுக்கு முன்பே நடந்து பார்த்துக் குறித்து வையுங்கள். அங்கே சுத்திகரிப்பு அமைப்பு வேண்டும், அதைப் பராமரிக்க ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். எழுதிப் பதிவாகும்வரை எழுந்து போகாதீர்கள்.