கோடைத் தவணையில் பள்ளிக்கூட வாசல்



இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருப்பதால், நம் சங்கத்தின் இந்தச் சித்திரைப் புத்தாண்டு விழாவில் பிள்ளைகளின் கல்வி பற்றிப் பேசும்படி கேட்டீர்கள். கல்வி என்றதும் இந்த மண்டபத்தில் பலருக்குக் கிராமர் பள்ளி நுழைவுத் தேர்வான லெவன் பிளஸ்தான் நினைவுக்கு வரும். அதற்கும் வருகிறேன். ஆனால் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது அடுத்த மூன்று மாதங்களைப் பற்றி. ஈஸ்டர் விடுமுறை முடிந்து ஜூலைக் கடைசி வரை ஓடும் கோடைத் தவணையைப் பற்றி.

இலையுதிர் தவணையின் கடைசியில் பள்ளி விடும் நேரத்திலேயே இருட்டத் தொடங்கிவிடுகிறது. குளிரில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்கு ஓடுகிறோம். கோடையில் அப்படியில்லை. வகுப்பு புல்வெளிக்கு வருகிறது. ஸ்போர்ட்ஸ் டே, சம்மர் ஃபேர், சுற்றுலா, ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்பான இயர் சிக்ஸின் நாடகம், செப்டம்பரில் சேரப்போகும் சின்னஞ்சிறுசுகளுக்கான அறிமுக நாட்கள் என்று பெற்றோரை உள்ளே அழைக்கும் நாட்களில் பெரும்பகுதி இந்தத் தவணையில்தான் வருகிறது. பள்ளி கதவைத் திறந்துவைக்கும் காலம் இது. நம் பெற்றோர் பிள்ளையின் மதிப்பெண்ணுக்குள் முழுதாக இருக்கிறார்கள். பள்ளிக்குள் அரிதாகத்தான் இருக்கிறார்கள். என் மனத்தை நெடுநாளாக அரிக்கும் விடயம் இதுதான்.

இந்தக் கதவு எப்போதும் திறந்திருந்ததில்லை. பெற்றோர் இதற்கு அப்பால் வரக்கூடாது என்று பலகை மாட்டிய பள்ளிகள் இந்த நாட்டில் இருந்தன. 1967இல் பிரிஜிட் பிளவுடன் தலைமையிலான குழு ஆரம்பப் பள்ளிகளைப் பற்றிய பெரிய அறிக்கையை வெளியிட்டது. பிள்ளை சேருமுன்னே பெற்றோரைச் சந்தியுங்கள், பள்ளியைத் திறந்து காட்டுங்கள், ஆண்டுக்கு ஒருமுறையாவது எழுத்தில் அறிக்கை கொடுங்கள் என்று அது பரிந்துரைத்தது. ஜூலையில் பிள்ளையின் பையில் வரும் அந்த ஆண்டறிக்கை இன்று சட்டப்படி தரவேண்டிய ஒன்று. நமக்கு முன் வாழ்ந்த தலைமுறைகள் கேட்டு வாங்கிய உரிமை, நமக்குத் தானாகவே கிடைத்திருக்கிறது.

பள்ளிக்குள் இருப்பது நமக்குத் தெரியாத கலையுமல்ல. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் படித்தவர்களுக்கு இல்ல மெய்வல்லுநர் போட்டி மறந்திருக்காது. தென்னோலை வெட்டி, மணல் கொட்டி, இரவிரவாக இல்லம் சோடித்தது யார்? அண்ணன்மாரும் அப்பாமாரும் அயலட்டைச் சனமும்தான். பெற்றோருக்கென்று ஓட்டம் இருந்தது, பழைய மாணவருக்கென்று ஓட்டம் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் சொல்கிறேன்: 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அங்கே பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். லண்டனில் உட்கார்ந்துகொண்டு ஊர்ப் பள்ளிகளுக்காகப் பழைய மாணவர் சங்கங்களை நடத்துகிறோம். கூரை போட்டுக் கொடுக்கிறோம், நூலகம் கட்டிக் கொடுக்கிறோம். அதை நான் மனமாரப் போற்றுகிறேன். அந்த உழைப்பில் ஒரு மாலைப் பொழுதை, இரண்டு தெரு தள்ளி நம் பிள்ளை படிக்கும் பள்ளிக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஏன் வருவதில்லை? காரணம் அக்கறையின்மை இல்லை என்பதை என் சக ஆசிரியர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். கடை, பெட்ரோல் நிலையம், முதியோர் இல்லம் என்று நேரம் பாராமல் வேலை. இங்கிலீசில் பேசுவதில் கூச்சம். இன்னொன்று நம் பண்பாட்டிலேயே இருக்கிறது. பிள்ளையை ஆசிரியர் கையில் ஒப்படைத்துவிட்டுக் குறுக்கே போகாமல் நிற்பதைத்தான் நாம் மரியாதை என்று படித்து வந்தோம். இங்கே அதே மௌனத்தை ஆர்வமில்லை என்று புரிந்துகொள்கிறார்கள். நீங்கள் மரியாதையோடு விலகி நிற்கிறீர்கள்; எதிரே இருப்பவர் அதைத் தலைகீழாக எடுத்துக்கொள்கிறார். இந்த இழப்பு எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். சம்மர் ஃபேருக்கு வந்தால் மதிப்பெண் கூடும் என்று நான் சொல்லமாட்டேன். 2003இல் சார்ல்ஸ் டெஸ்ஃபோர்ஜஸும் ஆல்பர்ட்டோ அபூஷாரும் அரசுக்காகச் செய்த ஆய்வுத் தொகுப்பு இதைத் தெளிவாகச் சொன்னது. பெற்றோர் பள்ளி நிகழ்ச்சிகளில் கலந்துகொள்வதால் தேர்ச்சியில் பெரிய மாற்றம் வருவதில்லை. வீட்டில் பிள்ளையோடு பேசுவதும், நம்பிக்கை வைப்பதும், படிப்பில் அக்கறை காட்டுவதும்தான் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகின்றன என்பது அதன் முடிவு. அந்தப் பேச்சைத் தமிழில் பேசுங்கள். இங்கிலீசை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அப்படியானால் பள்ளிக்கு ஏன் வரவேண்டும்? பேச விடயம் வேண்டுமே! "இன்றைக்கு ஸ்கூலில் என்ன நடந்தது?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்ற பதிலோடு உரையாடல் முடிகிறது. வகுப்பறையைப் பார்த்த அம்மாவுக்கு, யார் பக்கத்தில் உட்காருகிறார்கள், சுவரில் யாருடைய ஓவியம் இருக்கிறது, மத்தியானம் மகள் யாரோடு சாப்பிடுகிறாள் என்று தெரியும். அவர் கேட்கும் கேள்விக்கு வேறு பதில் வரும். பிள்ளைக்கும் அது பெரிய விடயம். வீடும் பள்ளியும் இரண்டு தனித்தனி உலகமென்று நினைத்து, ஒன்றில் இன்னொன்றை மறைத்து வளரும் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். சோற்றுப் பெட்டியைத் திறக்கக் கூசும் பிள்ளை, தன் அம்மா சுட்ட வடைக்கு வகுப்பு நண்பர்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்த அன்று நிமிர்ந்து நடக்கிறாள்.

தேர்வுகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. மே மாதத்தில் நான்கு நாள் இயர் சிக்ஸுக்கு சாட்ஸ் தேர்வு. ஜூனில் இயர் ஒன் பிள்ளைகளுக்கு 40 சொற்களை வாசிக்கச் சொல்லும் பரிசோதனை. அதில் பாதி பொருளற்ற சொற்கள், எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக. அதே மாதத்தில் இயர் ஃபோருக்கு வாய்பாடு: 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 6 விநாடி. வாய்பாட்டை ஒப்புவிக்க அம்மம்மாவைவிடச் சிறந்த துணை யாருமில்லை. தமிழிலேயே செய்யலாம்.

ஸ்போர்ட்ஸ் டேக்கு வருகிறேன். நாம் கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடினோம், இங்கே முட்டை. சாக்கோட்டம் அதேதான், மூன்று கால் ஓட்டமும் அதேதான். நான்கு வயதுப் பிள்ளைகள் ஓடும்போது கவனித்திருக்கிறீர்களா? பாதி தூரத்தில் நின்று கூட்டத்தைப் பார்ப்பார்கள். அவர்கள் தேடுவது வெற்றிக் கோட்டை அல்ல, தங்களுடைய ஆளை. கண்டுபிடித்துவிட்டால் முகம் மலர்ந்து ஓடி முடிப்பார்கள். காணவில்லையென்றால் சில பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள். அம்மா வரமுடியாவிட்டால் அம்மப்பா வரட்டும், மாமி வரட்டும், பக்கத்து வீட்டு அன்ரி வரட்டும். யாராவது ஒருவர் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். எந்த நாள் என்பதைப் பள்ளி முன்கூட்டியே அறிவித்துவிடும். வேலையிடத்தில் லீவு கேட்கும்போது கோயில் திருவிழாவுக்குக் கேட்பதுபோல இந்த அரை நாளுக்கும் கேளுங்கள். பெற்றோர் ஓட்டம் வைத்தால் தயங்காமல் ஓடுங்கள். சேலையைச் செருகிக்கொண்டு ஓடிய அம்மாமாரை அவர்களுடைய பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

சம்மர் ஃபேரை நடத்துவது பி.டி.ஏ. என்ற பெற்றோர் ஆசிரியர் சங்கம். அதில் வரும் பணத்தில்தான் பல பள்ளிகளில் புத்தகமும் விளையாட்டுத் திடலுக்கான பொருளும் சுற்றுலாப் பேருந்துக் கட்டணமும் சமாளிக்கப்படுகின்றன. மேசை போட, ராஃபிள் சீட்டு விற்க, கடைசியில் குப்பை பொறுக்க ஆள் தேவை. ஆயிரம் பேர் சாப்பிடும் கல்யாண வீட்டை நடத்தத் தெரிந்த சமூகம் நாம். ரோல்ஸும் பற்றிஸும் கொண்டுபோங்கள். கடலை, கஜூ கலக்காமல் செய்து, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அன்று உங்களோடு மேசைக்குப் பின்னால் நின்ற போலந்துக்காரத் தாயும் சோமாலியத் தாயும் அடுத்த திங்கட்கிழமை பள்ளி கேட்டில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிள்ளைக்குத் திடீரென்று காய்ச்சல் வந்தால் "நான் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று சொல்லும் ஆட்கள் இப்படித்தான் கிடைக்கிறார்கள்.

பெயர் என்றதும் இன்னொன்று. ஏப்ரல் 16ஆம் திகதிதான் செப்டம்பரில் சேரும் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளி கிடைத்தது என்று அறிவிக்கும் நாள். உங்களில் சிலருக்கு அந்த அறிவித்தல் கையில் இருக்கும். ஜூன், ஜூலையில் அந்தப் பிள்ளைகளை விளையாட அழைப்பார்கள். சில பள்ளிகளில் ஆசிரியர் வீட்டுக்கே வருவார். அப்போது பிள்ளையின் பெயரை முழுதாக, மெதுவாகச் சொல்லிக் கொடுங்கள். "கஷ்டமென்றால் சுருக்கிக் கூப்பிடுங்கள்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். படிவத்தில் அப்பாவின் பெயர் எது, பிள்ளையின் பெயர் எது என்பதை விளக்குங்கள். எந்த ஆசிரியரும் கற்றுக்கொள்வார்.

இனி லெவன் பிளஸ். இங்கிலாந்து முழுவதிலும் கிராமர் பள்ளிகள் 163தான். பல இடங்களில் பதிவு கோடைத் தவணையில், தேர்வு இயர் சிக்ஸ் தொடங்கும் செப்டம்பரில். ஆகவே இயர் ஃபைவ் பிள்ளைக்கு இந்தக் கோடையே பறிபோகிறது. தேர்வு எழுதவேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. நம் சனம் படிப்பைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறியது. ஆனால் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்கு நண்பனின் பிறந்தநாளும் கிரிக்கெட்டும் வேண்டும். வாரத்தில் ஒரு மாலையையாவது டியூஷன் இல்லாமல் விட்டுவிடுங்கள்.

ஊருக்குப் போகும் டிக்கெட்டைப் பற்றியும் பேசியாகவேண்டும். ஜூலைக் கடைசியில் விலை ஏறும், ஒரு வாரம் முன்பே கிளம்பினால் நூற்றுக்கணக்கில் மிச்சம் என்பது எனக்குத் தெரியும். 2024 ஆகஸ்ட் முதல் இங்கிலாந்து முழுவதும் ஒரே விதி. அனுமதியில்லாமல் ஐந்து பள்ளி நாள் தவறினால் ஒரு பெற்றோருக்கு ஒரு பிள்ளைக்கு 80 பவுண்டு அபராதம் வரலாம். 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள் என்றால் 320 பவுண்டு. அபராதத்தைவிட எனக்குக் கவலை தருவது அந்தக் கடைசி வாரங்களில் நழுவும் விடயங்கள்தான். அடுத்த ஆண்டு ஆசிரியரைச் சந்திக்கும் நாள் போய்விடுகிறது. இயர் சிக்ஸ் என்றால் பிரியாவிடை நிகழ்ச்சியே போய்விடுகிறது. ஏழு ஆண்டு சேர்ந்து வளர்ந்த பிள்ளைகள் மேடையில் நின்று அழுதுகொண்டே பாடுகிறார்கள். பின்சுவரோரம் வேலைச் சீருடையோடு ஓடிவந்த அப்பாமார் கண்ணைத் துடைக்கிறார்கள். யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கும் அவசரம் வேண்டாம்: அதன் 25 நாட்களில் பெரும்பகுதி அநேகமான ஆண்டுகளில் நம் கோடை விடுமுறைக்குள்தான் வருகிறது. பள்ளி முடிந்த பிறகே கிளம்புங்கள்.

கடைசியாகச் செயற்குழுவிடம் மூன்று கோரிக்கைகள். சம்மர் ஃபேர்கள் பல சனிக்கிழமைகளில் வருவதால், ஜூன் பிற்பகுதியிலும் ஜூலையிலும் நம் தமிழ்ப் பள்ளியின் பேச்சுப் போட்டியையும் ஆண்டிறுதித் தேர்வையும் வைக்காதீர்கள். மே மாதத்திலேயே முடித்துவிடலாம். அடுத்து, இந்த வட்டாரத்துப் பள்ளிகளின் ஸ்போர்ட்ஸ் டே, ஃபேர் நாட்களைத் திரட்டிச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். வேலைக்குப் போகும் அம்மாமார் அதைப் பார்த்து லீவு எழுதலாம், வரமுடியாதவருக்குப் பதிலாக இன்னொருவர் போகலாம். மூன்றாவது, பள்ளி கவர்னர் பதவி. உள்ளூராட்சி நடத்தும் ஒவ்வொரு பள்ளியின் கவர்னர் குழுவிலும் குறைந்தது இரண்டு பெற்றோர் இருக்கவேண்டும். அவர்களைத் தேர்ந்தெடுப்பது பெற்றோரின் வாக்கு, பதவிக்காலம் பொதுவாக நான்கு ஆண்டு. பட்டம் தேவையில்லை. தலைமையாசிரியரை நியமிப்பதும் வரவுசெலவைப் பார்ப்பதும் அந்தக் குழுதான். தேர்தல் அறிவித்தல் வந்தால் நம்மிலிருந்து ஒருவரை நிற்க வையுங்கள். விண்ணப்பம் எழுதவும் கூட்டத்துக்குத் தயாராகவும் நான் உதவுகிறேன். நிகழ்ச்சி முடிந்ததும் மண்டப வாசலில் ஒரு பதிவுப் புத்தகத்தோடு நிற்பேன். வந்து உங்கள் பிள்ளையின் பள்ளிப் பெயரையும் உங்களுக்கு ஓய்வான நாளையும் எழுதிவிட்டுப் போங்கள்.