மூலிகை மாத்திரையும் ஈரமும்

மலேசியாவில் ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கம் சில வீடுகளில் கீழாநெல்லி மாத்திரைப் புட்டி இருக்கும். திறந்தால் சில சமயம் மாத்திரைகள் கறுத்து, ஒட்டிக் கிடக்கும். காரணம் ஈரம். மூலிகைச் சாற்றுப் பொடி மழைக்கால வெல்லம் மாதிரி. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

அதனால்தான் மாத்திரையில் சேர்க்கும் மாவும் பசையும் சாற்றோடு ஒத்துப்போகுமா என்று தயாரிப்பாளர்கள் முதலில் சோதிக்கிறார்கள். அவற்றைச் சாற்றோடு கலந்து, சூடும் ஈரமும் நிறைந்த பெட்டியில் சில வாரங்கள் வைப்பார்கள். நிறம் மாறினால், கட்டி தட்டினால், அந்தச் சேர்மானம் ஆகாது. ஒத்துப்போனால்தான் மாத்திரை.

பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் வாங்கும்போது, ‘MAL’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். புட்டிக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எறியாதீர்கள். மூடியை இறுக்குங்கள். அடுப்பங்கரையில் வைக்காதீர்கள், அங்கே ஈரம் அதிகம். கறுத்து ஒட்டிய மாத்திரையைச் சாப்பிட வேண்டாம்.