கல்வி உதவித்தொகைக்கு மாநில எல்லை ஏன்?



தாராவிக்கும் மாட்டுங்காவின் கல்லூரிகளுக்கும் நடுவே கிடப்பது ஓர் இருப்புப்பாதைதான். ஆயினும் நெல்லைச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் உழைத்த தலித் குடும்பங்கள் பலவற்றிற்கு அங்கே ஒரு தேதி குறுக்கே நிற்கிறது.

மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதியினருக்குரிய உரிமைகளைப் பெற, 1950 ஆகஸ்ட் 10ஆம் நாளிலோ அதற்கு முன்போ மூதாதையர் அங்கு வசித்ததற்கு ஆவணம் காட்ட வேண்டும். குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வெளியான நாள் அது. குடிசைவாழ் கூலித் தொழிலாளியிடம் அக்காலத்து வாடகைச் சீட்டு ஏது? குடிபெயர்ந்தோர் புதிய மாநிலத்தில் அவ்வுரிமையைக் கோர இயலாதென 1990இலும் 1994இலும் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாராவியிலேயே பிறந்த பேரப்பிள்ளையும் வெளிமாநிலத்தவராகிறார்.

ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டோருக்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை எட்டாதபோது, கட்டணம் முழுவதும் பெற்றோர் தலையில் விழுகிறது. பொறியியல் விரும்பிய பிள்ளை வணிகவியலில் சேர்கிறது. தம்பி படிக்க அக்காள் வேலைக்குப் போகிறாள். குடும்பத்தின் முடிவென்று ஊர் பேசுகிறது; முடிவெடுத்தது அரசு.

இத்திட்டச் செலவில் 60 விழுக்காடு ஒன்றிய அரசினுடையது. தீண்டாமை மாநில எல்லையில் இறங்கிவிடுவதில்லை; உதவித்தொகை மட்டும் இறங்குவானேன்? பிள்ளை வாழும் மாநிலத்திலேயே அதனை வழங்குக. இதுவே நம் கோரிக்கை.