தாயானவள் என்ன உடுத்துவது?

(மதுரையில் ஜவுளிக்கடைகளில் வேலை செய்யும் பெண்கள் கூடிய கூட்டம் ஒன்றில் ஒரு சகோதரி ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவர்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசினார்கள். போனஸைப் பற்றிப் பேசினார்கள். எல்லாம் அவசியமான விஷயங்கள். நான் ஜாக்கெட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிலர் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் முன்வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் சகோதரிகள் சிரிக்கவில்லை என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

நாம் நாள் முழுவதும் துணிக்கு நடுவே நிற்கிறவர்கள். எது பட்டு, எது பட்டு மாதிரி, எந்தக் கரை யாருக்கு எடுப்பாக இருக்கும் என்று ஊராருக்கெல்லாம் சொல்கிறவர்கள். அப்படிப்பட்ட நமக்கே, பிள்ளை பெற்ற மறுநாளிலிருந்து நம் உடம்புக்கு என்ன உடுத்துவது என்று தீர்மானிக்கும் உரிமை இல்லாமல் போய்விடுகிறது. வீட்டார் தீர்மானிக்கிறார்கள்; தெருவார் தீர்மானிக்கிறார்கள்; கடை நிர்வாகம் தீர்மானிக்கிறது. நாம் உடுத்திக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

உடம்பு மாறியது, அளவு மாறவில்லை

என் கதையையே சொல்கிறேன். குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்ததும் நான் வேலைக்குத் திரும்பினேன். அதற்கு மேல் விடுப்பு கேட்டால் வேலை இருக்காது என்று சொல்லிவிட்டார்கள். சீருடைச் சேலை நைலான் கலந்தது. தண்ணீர் பட்டால் உறிஞ்சாது. ஜாக்கெட் என் கலியாணத்துக்கு முன் எடுத்த அளவில் தைத்தது. கொக்கிகள் முதுகுப் பக்கம். உள்ளே மடித்துத் தைத்திருந்த துணியையெல்லாம் பிரித்துவிட்டும் கொக்கி மாட்டவில்லை. நான்கு ஊக்குகளைக் குத்திக்கொண்டு போனேன். புது ஜாக்கெட் வேண்டுமானால் சம்பளத்தில் பிடிப்போம் என்றார்கள்.

ஆபரேஷன் செய்து பெற்ற பிள்ளை. பாவாடை நாடா சரியாகத் தையல் போட்ட இடத்திலேயே உராயும். அதையும் சகித்துக்கொண்டேன். ஆனால் பால் கட்டிக்கொள்வதை எப்படிச் சகிப்பது? நான்கு மணி நேரம் குழந்தை குடிக்காவிட்டால் மார்பு கல்லாகிவிடுகிறது, இறுக்கமான ஜாக்கெட் அதை இன்னும் மோசமாக்குகிறது, காய்ச்சல் வருகிறது. பெற்றவர்களுக்கு இது தெரியும்.

ஒரு முகூர்த்த நாள் சாயங்காலம், ஒரு குடும்பத்துக்குக் கூறைப் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் மடியில் இருந்த குழந்தை அழுதது. அந்த அழுகை கேட்டதும் என் ஜாக்கெட் நனைந்துவிட்டது. மேற்பார்வையாளர் பார்த்தார். “பட்டில் கறை பட்டால் யார் பணம் கட்டுவது? கிடங்குக்குப் போ” என்றார். அன்று கிடங்கில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டேன். ஐந்தாம் மாதம் பால் வற்றியது. என் மகள் டப்பாப் பாலுக்குப் போனாள். அந்த டப்பாவின் விலை என் சம்பளத்தில் எவ்வளவு என்று இங்கே இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சகோதரிகளே, ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் ஆஸ்பத்திரிச் சுவர்களிலும் எழுதியிருக்கிறார்கள். சுவரில் எழுதினால் போதுமா? முன்பக்கம் கொக்கி வைத்த ஒரு பருத்தி ஜாக்கெட்டும், பால் கொடுக்க ஒரு மூலையும், அதற்குரிய நேரமும் வேண்டாமா?

“இனி உனக்கென்ன அலங்காரம்?”

வீட்டுக்கு வருவோம். பிள்ளை பிறந்ததும் நமக்குக் கிடைக்கும் முதல் உபதேசம் இது: “பிள்ளைக்காரி ஆகிவிட்டாய், இனி உனக்கென்ன சீவிச் சிங்காரம்?” நான் கேட்கிறேன்: அப்பாவான எந்த ஆணிடமாவது, “இனி உனக்கெதற்குக் கோடு போட்ட சட்டை?” என்று யாராவது கேட்டதுண்டா?

எனக்கு நீலச் சுங்குடிச் சேலை என்றால் ஆசை. பருத்தி, வெயிலுக்கு இதம், துவைத்தால் சீக்கிரம் காய்கிறது, குழந்தை வாந்தி எடுத்தாலும் பாதகமில்லை. முதல் சம்பளத்தில் வாங்கியது. ஓராண்டு அதை எடுக்கவே இல்லை. ஒருநாள் உடுத்தியபோது, “எங்கே புறப்பட்டுவிட்டாய்?” என்றார்கள். எங்கும் புறப்படவில்லை, என் உடம்புக்கு நான் திரும்பி வந்திருக்கிறேன் என்றேன். ஆசை குற்றமல்ல, சகோதரிகளே. சுத்தமாகவும் பிடித்த மாதிரியும் உடுத்துகிற தாயால் பிள்ளைக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

இன்னொரு பக்கம் நைட்டியைக் கேலி செய்கிறார்கள். நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ரேஷன் கடைக்குப் போகிறாளே என்று சிரிக்கிறார்கள். அவள் ஏன் போகிறாள்? இடுப்பில் கட்டு இல்லை. முன்னால் ஜிப் இருக்கிறது. அழுகிற பிள்ளையை இறக்கி வைத்துவிட்டுக் கொசுவம் மடிக்க அவளுக்கு நேரமில்லை. சோம்பேறித்தனத்தால் அல்ல, வேலைப் பளுவால் அவள் அதை உடுத்துகிறாள். ஆந்திரத்தில் மேற்கு கோதாவரி மாவட்டத்தின் தோக்கலபள்ளி கிராமத்தில், பகலில் நைட்டி உடுத்திய பெண்ணுக்கு 2,000 ரூபாய் அபராதம் என்று 2018-ல் ஊர்ப் பெரியவர்கள் கட்டுப்பாடு விதித்தார்கள். அவள் பளுவைக் குறைக்க அந்தப் பெரியவர்கள் என்ன செய்தார்கள்?

பெண் எதை உடுத்தலாம் என்று மற்றவர்கள் உத்தரவு போடுவது புதிதல்ல. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் அரசில் இருந்த காலத்தில், சாணார் குலப் பெண்கள் மார்பை மூடித் தோள்சீலை அணியும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் அடிபட்டுப் போராடினார்கள். 1859-ல்தான் அரசர் இறங்கிவந்து பிரகடனம் செய்தார். அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்று ஒரு நிபந்தனை! அன்று மூடுவதற்குப் போராடினார்கள்; இன்று நாம் பிள்ளைக்குப் பால் கொடுக்கச் சௌகரியமான உடையைக் கேட்கிறோம். என் உடம்புக்கான உடையை நான் தீர்மானிக்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

சட்டம் சொல்வதும் கடை செய்வதும்

1961-ஆம் ஆண்டு பிரசவ காலச் சலுகைச் சட்டம், வேலைக்குத் திரும்பிய தாய்க்குக் குழந்தையின் 15-ஆம் மாதம் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பால் கொடுக்க தினம் இரண்டு இடைவேளை தந்தது. 2017-ல் அதைத் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு என்றும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் என்றும் எழுதினார்கள். 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இவை இடம்பெற்றன. எத்தனை கடைகளில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்குங்கள்... சரி, போதும்.

ஆனால் மனம் தளர வேண்டாம். நிற்கிறவளுக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று கேரளத்து ஜவுளிக்கடைப் பெண்கள் கேட்டபோதும் சிரித்தார்கள். அவர்கள் போராடி 2018-ல் அங்கே சட்டத் திருத்தம் வந்தது. 2021-ல் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. நாற்காலி சட்டமானபோது ஜாக்கெட் ஏன் ஆகாது?

என் கடையில் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பின் இன்னொரு சகோதரி பிரசவம் முடிந்து வந்தாள். அவளும் ஊக்கு குத்திக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் எங்களுக்குப் பொறுக்கவில்லை. பிள்ளை பெற்றவர்கள், பெறாதவர்கள், கலியாணம் ஆகாத சின்னப் பெண்கள் எல்லோருமாகப் பதினோரு பேர் ஒன்றாகப் போய் நிர்வாகத்தைக் கேட்டோம். ஒருத்தி போனால் கிடங்கு. பதினோரு பேர் போனால் பேச்சுவார்த்தை! முன்கொக்கி வைத்த இரண்டு பருத்தி ஜாக்கெட் கடைச் செலவில் தைத்துத் தந்தார்கள். பால் கொடுக்க அறை இன்னும் வரவில்லை. ஆனால் அந்தச் சகோதரியின் பிள்ளை டப்பாப் பாலுக்குப் போகவில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. சீருடை பருத்தியில் வேண்டும். சேலையா, சுடிதாரா என்பதை உடுத்துகிறவளே தேர்ந்தெடுக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் புது அளவில் தைக்கும் செலவைக் கடையே ஏற்க வேண்டும். பால் கொடுக்கும் இடைவேளையும் இடமும் ஏட்டில் இருந்தால் போதாது, கடையில் வேண்டும். வீட்டில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இனிமேல் ஒரு பிள்ளைக்காரியைப் பார்த்து “உனக்கென்ன அலங்காரம்” என்று சொல்லாதீர்கள். அவள் உடுத்தி முடிக்கும் வரை பிள்ளையைக் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று நான் உடுத்தி வந்திருப்பது அந்த நீலச் சுங்குடிதான்.