காயத்துக்குப் பாவம் என்று பேர் வைக்காதீர்கள்

(மாணவர் படிப்பு வட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கிறித்தவ ஆற்றுப்படுத்துதல் பற்றிப் பேசச் சொன்னீர்கள். படித்தவர்கள் இதைக் கவுன்சலிங் என்கிறார்கள். நம்ம தெருவுல அதுக்குப் பேரு ‘ஐயர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வா’. தூக்கம் தொலைத்தவர், புருஷனிடம் அடி வாங்குகிறவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர் எல்லாரும் முதலில் ஏறுகிற படி ஆஸ்பத்திரிப் படி அல்ல, கோயில் படிதான். ஆகவே ‘அது மதக்காரங்க சமாச்சாரம்’ என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. அந்தப் படியிலிருந்து நம் சனங்களை என்ன சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள் என்பது அரசியல் கேள்வி.

பெரும்பாலும் மூன்று வாக்கியம் சொல்லி அனுப்புகிறார்கள். ஜெபம் பண்ணு. மன்னிச்சிடு. உனக்குள்ள ஏதும் பாவம் இருக்கான்னு ஆராஞ்சு பாரு.

ஜெபத்தை நான் கிண்டல் செய்யவில்லை. ஒன்றுமே இல்லாதவர்களுக்கு ராத்திரியைக் கடக்க அது கைத்தடியாக இருந்திருக்கிறது. என் சண்டை அந்த மூன்றாவது வாக்கியத்தோடு.

இந்த வாக்கியத்துக்குக் கோட்பாட்டு வடிவமும் உண்டு. அமெரிக்கப் போதகர் ஜே ஆடம்ஸ் 1970இல் ஒரு புத்தகம் எழுதினார். உடற்கோளாறால் வராத மனக்கலக்கங்களுக்குப் பெரும்பாலும் பாவமே வேர், வேதத்தை வைத்துக் கண்டித்துத் திருத்துவதே போதகர் வேலை என்பது அவர் வாதம். அதே நாட்டில் அவருக்கு முன்பே வேறொரு போதகர் இருந்தார். ஆண்டன் பாய்சன். 1920இல் மனம் கலங்கி மருத்துவமனையில் அடைக்கப்பட்டவர். குணமாகி வந்தவர், 1925இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களைக் கூட்டிப்போனார். புத்தகத்தைப் படிக்கிற மாதிரி துன்பப்படும் மனுசரையும் படியுங்கள் என்றார். ஒருவர் கண்டிக்கச் சொன்னார், மற்றவர் கேட்கச் சொன்னார். நமக்கு எது வேண்டும்?

யோபு கதை உங்களுக்குத் தெரியும். எல்லாம் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்தவனைப் பார்க்க மூன்று சிநேகிதர்கள் வந்தார்கள். ஏழு பகல் ஏழு ராத்திரி ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல ஆற்றுநர்கள். வாயைத் திறந்தார்கள், கெட்டது. ‘நீ ஏதோ பாவம் செஞ்சிருப்ப’ என்பதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். கதை முடிவில் கடவுளுக்குக் கோபம் வந்தது கத்தித் தீர்த்த யோபு மேல் அல்ல, அந்தச் சிநேகிதர்கள் மேல். 88ஆம் சங்கீதத்தையும் எடுத்துப் பாருங்கள். ஆறுதலே இல்லாமல் இருட்டில் முடிகிற புலம்பல் அது. அதையும் வேதத்துக்குள்தான் வைத்திருக்கிறார்கள். ஒப்பாரிக்கு அங்கே இடம் இருக்கிறது. நம்ம கோயில்ல இருக்கா?

இப்போது தலித் கிறித்தவரிடம் வருகிறேன். சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை என்பவர் உச்சநீதிமன்றம் வரை போனார். ஆதிதிராவிடச் செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பங்க் கடை, அவர் கிறித்தவர் என்பதால் மறுக்கப்பட்டது. 1950 ஜனாதிபதி ஆணையின்படி கிறித்தவர் பட்டியல் சாதியில் வரமாட்டார். சீக்கியரை 1956இலும் பௌத்தரை 1990இலும் அதில் சேர்த்தார்கள், கிறித்தவரையும் முஸ்லிமையும் சேர்க்கவில்லை. 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பின்னும் அதே கடுமையோடு சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று மனு தள்ளுபடியானது.

கவனியுங்கள். நீதிமன்றம் சொல்கிறது: காயத்தை நிரூபி. ஆற்றுப்படுத்துகிறவர் சொல்கிறார்: கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை, அதனால் காயமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவருக்குப் பைத்தியம் பிடிக்காமல் என்ன செய்யும்? திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவேயும் மதில் கட்டி வைத்தார்கள். அந்த மதிலைத் தாண்டித் தன் தாயைப் புதைத்தவன் ராத்திரி தூங்கவில்லை என்றால், அவனுக்குள் என்ன பாவத்தைத் தேடுவீர்கள்? இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் கொள்கையில் திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. தாளில் ஒப்புக்கொண்டதை, அழுகிறவர் முகத்தைப் பார்த்து ஒப்புக்கொள்ளும்போதுதான் ஆற்றுப்படுத்துதல் தொடங்கும்.

மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மன்னிப்பு பெரிய விசயம்தான். ஆனால் அடித்தவன் அடித்துக்கொண்டே இருக்கும்போது, அடிபட்டவனிடம் மட்டும் அதைக் கேட்டு வாங்குவது ஆறுதல் அல்ல, வாயடைப்பு. குடிகாரப் புருஷனிடமே திரும்பிப் போகச் சொல்லும் உபதேசமும் இந்தச் சாதிதான்.

நான் வங்கிக் கவுண்டரில் உட்கார்கிறவன். நகைக்கடன் வட்டி கட்ட வரும் அம்மா ஒருத்தர் ஒருநாள் சொன்னார்: ‘சாமிகிட்ட சொன்னா உடனே கண்ண மூடிக்கிறாரு தம்பி. நீதான் கண்ணத் தொறந்து கேக்குற.’ இதைவிடப் பெரிய விமர்சனம் எனக்குத் தெரியாது.

நாம் செய்யக்கூடியது என்ன? சபைகளில் உள்ள தோழர்கள் நாலு விசயம் கேளுங்கள். ஒன்று, முதலில் கேட்பது, அப்புறம்தான் ஜெபம். இரண்டு, சொன்னது அந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாது. இன்று போதகரிடம் அழுதது நாளைக்கு உபவாசக் கூட்டத்தில் ‘ஜெபக் குறிப்பு’ என்ற பேரில் ஊர் சுற்றுகிறது. மூன்று, பெண்களின் பேச்சைக் கேட்கப் பெண்கள் வேண்டும், நம் சனங்களிலிருந்தும் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். நான்கு, சாக நினைக்கிறவரையும் காதில் குரல் கேட்கிறவரையும் ஜெபத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு அல்ல.

இயக்கத்துக்கும் இதில் பாடம் உண்டு. நம்மிடம் அழுதுகொண்டு வருகிறவரிடம் நாமும் ‘போராடு தோழா’ என்று ஒற்றை வரி சொல்லி அனுப்பினால், அதுவும் இன்னொரு உபதேசம்தான். போராட்டம் வேண்டும். அதற்கு முன்னால் ஏழு நாள் தரையில் கூட உட்காரவும் ஆள் வேண்டும்.